லேசரைக் கருக்கும் கணக்குப் பிழை

பழுது என்று என் மேசைக்கு வரும் லேசர் மின்சுற்றுப் பலகைகளில் பல, பார்த்தால் நன்றாக இருப்பது போலவே தோன்றும். லேசர் டயோடு மங்கலாகச் சிவந்து ஒளிரும். மீட்டர் சரியான மின்னோட்டத்தைக் காட்டும். ஆனால் காகிதத்தில் கூர்மையான புள்ளி விழாது. ஒளி வெளியேறும் முகப்பு கணப்பொழுதில் கருகி, லேசர் வெறும் எல்இடி ஆகியிருக்கும். காரணத்தைத் தேடினால், பெரும்பாலும் லேசருக்கு மின்னோட்டம் தரும் டிரைவர் சிப்பின் உள்ளீட்டு மின்னோட்டக் கணக்கில்தான் போய் நிற்பேன்.

இவ்வகை சிப், உள்ளீட்டு முனையில் நாம் செலுத்தும் சிறு மின்னோட்டத்தைப் பல மடங்காக்கி லேசருக்குத் தருகிறது. மடங்கு 100, லேசருக்கு வேண்டியது 60 மில்லிஆம்பியர் என்றால் உள்ளீடு 0.6 மில்லிஆம்பியர். 3.3 வோல்ட் கட்டுப்பாட்டு மின்னழுத்தத்திலிருந்து அதைப் பெற மொத்தம் 5,500 ஓம் மின்தடை தேவை. ஆனால் பல சிப்புகளில் உள்ளீட்டு முனைக்குள்ளேயே சில நூறு ஓம் உண்டு. அது 500 என்றால், வெளியே 5,000 ஓம்தான் வைக்க வேண்டும். மறந்துபோய் 5,500 வைத்தால் லேசருக்கு 55 மில்லிஆம்பியர்தான் கிடைக்கும்.

ஐந்துதானே குறைகிறது என்று விட்டுவிட முடியாது. இந்த லேசர், லேசராக ஒளிரத் தொடங்குவதே 35 மில்லிஆம்பியரில் என்று கொள்வோம். அதற்குமேல் ஒவ்வொரு மில்லிஆம்பியருக்கும் 0.8 மில்லிவாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60-இல் 20 மில்லிவாட், 55-இல் 16. மின்னோட்டம் 8 சதவீதம் குறைந்ததற்கு ஒளி 20 சதவீதம் குறைகிறது.

குறைந்தால் லேசராவது பிழைக்கும். கூடினால்? சிப்பின் டேட்டாஷீட்டில், அதாவது தயாரிப்பாளர் தரும் விவரத்தாளில், மடங்கு 100 என்பது வழக்கமான மதிப்பு மட்டுமே. பக்கத்துக் கட்டத்தில் அதிகபட்சம் 120 என்றிருந்தால், அதே 0.6 மில்லிஆம்பியர் 72 ஆகிவிடும். லேசரின் உச்ச வரம்பு 65 என்றால் முடிந்தது கதை. எனவே 65-ஐ 120-ஆல் வகுத்து, உள்ளீட்டை 0.54-க்குள் நிறுத்துங்கள். 3.3 வோல்ட்டுக்கு அது வெளியே ஏறத்தாழ 5,600 ஓம். உள்மின்தடையும் சிப்புக்குச் சிப் மாறும் என்பதால் நான் 6,200 ஓம் எடுப்பேன். ஒளி போதாவிட்டால் ஒவ்வொரு பலகையையும் தனியே அளந்து மின்னோட்டத்தைக் கூட்டுவேன். குளிரில் தொடக்க மின்னோட்டம் இறங்கி, அதே மின்னோட்டத்துக்கு ஒளி கூடும் என்பதையும் மறக்கலாகாது.

முதல் சோதனையில் லேசரை மாட்டவே மாட்டாதீர்கள். அதன் இடத்தில் மூன்று சாதாரண சிலிக்கான் டயோடுகளையும் ஒரு ஓம் மின்தடையையும் தொடராக இணையுங்கள். மின்தடையின் குறுக்கே எத்தனை மில்லிவோல்ட்டோ அத்தனை மில்லிஆம்பியர். மின்சாரம் போடும் கணத்தையும் அலைக்காட்டியில் (ஆசிலோஸ்கோப்) பாருங்கள், கட்டுப்பாட்டு மின்னழுத்தம் அப்போதுதான் எகிறும். லேசரை மாட்டியபின், அதன் அலைநீளத்துக்கு ஏற்ற பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் சுவிட்சைத் தொடாதீர்கள்: 20 மில்லிவாட் என்பது லேசர் அபாய வகைப்பாட்டில் 3பி வகுப்பு, நேராகப் பட்டால் விழித்திரை புண்ணாகும்.