பிரேக் ஒயில் மாற்றக் காசு கொடுத்தீர்களா, ஊற்றக் கொடுத்தீர்களா?

போன கிழமை மட்டக்களப்பு கல்லடியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் ஆக்சியோ காரை என்னிடம் திருத்தக் கொண்டுவந்தார். பதுளையிலிருந்து பிள்ளைகளோடு திரும்பும்போது, பசறை தாண்டி லுணுகலைப் பக்கத்து இறக்கத்தில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனதாம். "நாலு மாசத்துக்கு முன்னுக்குத்தான் பிரேக் ஒயில் மாத்தினேன் தம்பி" என்று பில்லை நீட்டினார். பில்லில் இருக்கிறது, கூலியும் தனியாகப் போட்டிருக்கிறார்கள். பிரேக் ஒயில் டாங்கியைத் திறந்தால் தேன் நிறத்தில் பளபளவென்று ஒயில். சரி என்று பின்சில்லைக் கழற்றினேன். பழைய ஒயிலை வெளியே விடும் பிளீடர் நட்டின் ரப்பர் மூடியில் சேறு காய்ந்து கல்லாகிக் கிடக்கிறது, நட்டு துருப்பிடித்து அசைய மாட்டேன் என்கிறது. அதில் யாரும் ஸ்பானர் வைத்ததே இல்லை. ஒருவழியாகத் திறந்தபோது வந்தது கறுப்புக் கோப்பி.

இப்படி வரும் கார்களை எண்ணுவதை நான் விட்டுவிட்டேன்.

டாங்கியில் கிடப்பதை ஊசியால் உறிஞ்சிவிட்டுப் புதுசை ஊற்றினால் அது மாற்றியது ஆகாது. "மேலே ஊற்றியது ஓட ஓடக் கீழே கலந்துவிடும்தானே?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். கலக்காது ஐயா! எஞ்சின் ஒயில் சுற்றி ஓடும், கீழே ஒரு நட்டைக் கழற்றினால் இறங்கிவிடும். பிரேக் ஒயில் ஓடுவதில்லை, நீங்கள் மிதிக்கும்போது கொஞ்சம் முன்னுக்குத் தள்ளுப்படும், விட்டால் திரும்ப வந்துவிடும், அவ்வளவுதான். பழசு வெளியேற வழி நாலு சில்லிலும் இருக்கும் பிளீடர் நட்டுதான். சூடு ஏறுவதும் அந்தச் சில்லடியில்தான், டாங்கியில் இல்லை. ஒயிலில் ஈரம் பார்க்கும், பேனா மாதிரி ஒரு டெஸ்டரை டாங்கிக்குள் விட்டுப் பச்சை லைட்டைக் காட்டினால் நம்பிவிடாதீர்கள், நேற்று ஊற்றிய ஒயிலுக்குப் பச்சைதான் வரும்.

ஒயில் என்று சொல்லிப் பழகிவிட்டோம், உண்மையில் அது எண்ணெயே இல்லை. ஒருவர் பவர் ஸ்டியரிங் ஒயிலை ஊற்றிக்கொண்டு வந்தார், ரப்பர் சீல் எல்லாம் ஊதிப்போய் முழுச் செட்டையும் மாற்றவேண்டி வந்தது. பிரேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்தால் சூட்டில் சீக்கிரம் கொதித்துக் குமிழி வரும், அப்போதுதான் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். பிரேக் ஒயிலின் தரத்தை டொட் என்று இலக்கம் போட்டுச் சொல்வார்கள்; டொட் 4 புதுசாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை வரை கொதிக்காது, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் அந்த எல்லை 155க்கு இறங்கிவிடும். டொட் 3 என்றால் 205, பிறகு 140. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி என்று இருக்கும் நமக்கு இதைச் சொல்லவும் வேண்டுமா? பெரும்பாலான கார்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும், உங்கள் காரின் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள்.

டாங்கியில் ஒயில் மட்டம் இறங்கினால் உடனே "மாற்றவேணும்" என்பவர்களிடமும் கவனம். பிரேக் பேட் தேய்ந்தால் மட்டம் தானாக இறங்கும். முதலில் பேட்டையும் எங்காவது ஒழுகுகிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

காசு கொடுக்க முன்னம் பக்கத்தில் நில்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. சீல் உடைக்காத போத்தலை உங்கள் முன்னால் திறக்கவேண்டும், டாங்கி மூடியில் என்ன டொட் எழுதியிருக்கிறதோ அதையே ஊற்றவேண்டும். டொட் 5.1 வேறு, டொட் 5 வேறு, பின்னது சிலிக்கன், மற்றதோடு சேராது. நாலு நட்டிலிருந்தும் பழசு வந்து புது நிறம் தெரிகிறதா என்று பாருங்கள். கால் மணித்தியாலத்தில் முடிந்தது என்றால் சந்தேகப்படுங்கள். அக்வா, பிரியஸ் மாதிரி ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து ஸ்கேனர் இல்லாத இடத்தில் கைவைக்க விடாதீர்கள். திறந்து மிச்சம் வந்த போத்தலை அடுத்த வருடத்துக்கு என்று வீட்டில் வைக்கவும் வேண்டாம்.

சேர் அந்தக் கறுப்பைப் போனில் படம் பிடித்தார், பழைய பில்லை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். எங்கே போகிறார் என்று நான் கேட்கவில்லை.