நானோ: சொல்லும் அளவும்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், கூலிம் பக்கம் ‘நானோ’ இப்போது எல்லார் வாயிலும் புழங்கும் சொல். கார் கழுவும் கடையில் நானோ கோட்டிங், பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் நானோ ஸ்ப்ரே, தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் பேச்சில் அயர்ன் மேனின் நானோ சூட். மூன்று இடத்திலும் கிட்டத்தட்ட ‘ஏதோ மாயம்’ என்ற பொருளில்தான் அது ஓடுகிறது. அசலில் அது வெறும் அளவுச் சொல்.

கிரேக்கத்தில் ‘நானோஸ்’ என்றால் குள்ளன், லத்தீனில் ‘நானுஸ்’. இத்தாலியர்கள் இன்றும் குள்ளனை ‘நானோ’ என்றுதான் சொல்கிறார்கள். 1960இல் பன்னாட்டு அலகு முறை வகுக்கப்பட்டபோது, நூறு கோடியில் ஒரு பங்கைக் குறிக்கும் முன்னொட்டாக அதில் இடம்பெற்றது. ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். தலைமுடி ஒன்றின் கனம் சுமார் 80,000 நானோமீட்டர். டிஎன்ஏ இழையின் அகலம் ஏறக்குறைய 2. அணுக்களை நாம் நினைத்தபடி அடுக்கலாம் என்று இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் 1959இலேயே ஓர் உரையில் பேசிவிட்டார், ஆனால் இந்தச் சொல் அவர் வாயில் வரவில்லை. ‘நானோ டெக்னாலஜி’ என்று 1974இல் பெயர் வைத்தவர் ஜப்பானியப் பேராசிரியர் நொரியோ தனிகுச்சி.

இனி சினிமாவுக்கு வருவோம். 2018இல் வந்த ‘அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வார்’ படத்தில் அயர்ன் மேனான டோனி ஸ்டார்க் நெஞ்சில் ஒரு வில்லை இருக்கும். தட்டியதும் அதிலிருந்து உலோகம் வழிந்து பரவிக் கவசமாகிவிடும். அதே ஆண்டு வந்த ‘பிளாக் பாந்தர்’ படத்தில் கவசமே கழுத்தணிக்குள் அடங்கியிருக்கும்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வளர்ந்த ஓர் ஆளின் தோல் பரப்பு ஏறக்குறைய 2 சதுர மீட்டர். அதன் மேல் 2 மில்லிமீட்டர் கனத்தில் தகடு போர்த்த 4 லிட்டர் உலோகம் வேண்டும். டைட்டேனியம் என்றால் 18 கிலோ. வில்லைக்கு 10 சென்டிமீட்டர் குறுக்களவு, 3 சென்டிமீட்டர் கனம் என்று தாராளமாகவே கொடுப்போம். அப்போதும் உள்ளே கால் லிட்டர்கூடப் பிடிக்காது. அதை உடம்பு முழுக்க இழுத்துப் பூசினால் கிடைப்பது அச்சுத்தாள் கனத்தில் ஒரு கவசம். துகள் எவ்வளவு பொடியானாலும் மொத்த உலோகம் குறைவதில்லை, எடையும் குறைவதில்லை. ‘நானோ’ என்று சொன்னதும் படம் பார்ப்பவர் மறந்துவிடுவது இதைத்தான்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒட்டும் விசை. அந்தச் சின்ன அளவில் புவியீர்ப்பை யாரும் மதிப்பதில்லை. பக்கத்தில் வந்தது பக்கென்று ஒட்டிக்கொள்ளும். பிரிப்பதுதான் பாடு. ரப்பர் மரம் சீவிய குடும்பங்களுக்கு இதைப் பாடமாக நடத்த வேண்டியதில்லை. ரப்பர் பால் என்பதே நீரில் மிதக்கும் ரப்பர் துகள்கள்தான். சிறியவை சில பத்து நானோமீட்டர், பெரியவை சில ஆயிரம். துகள்களின் மேல் எதிர்மின்னூட்டம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விலகி நிற்கும். ஆசிட் ஊற்றினால் அந்த மின்னூட்டம் அடங்கிவிடும், துகள்கள் அப்பிக்கொள்ளும், பால் கட்டிப்போகும். மங்கு என்னும் பால் கோப்பையில் கட்டிப்போனதை மறுபடி வாளியில் ஊற்றும் பாலாக்க எந்தக் கங்காணியாலும் ஆகாது. ஸ்டார்க்கின் கவசமோ சண்டை முடிந்ததும் சமர்த்தாக வில்லைக்குள் திரும்பிவிடுகிறது! (தோட்டங்களில் பல இப்போது ரப்பரை விட்டு எண்ணெய்ச் செம்பனைக்கு மாறிவிட்டதால் இந்த உதாரணமும் இன்னும் எத்தனை நாளைக்கோ.)

தூசியையும் சொல்ல வேண்டும். 1996இல் தொடங்கிய கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் கணினிச் சில்லுக்கான வேஃபர் தகடு செய்யும், தூசி புகாத கிளீன் ரூமுக்குள் போகிறவர்கள் தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டுதான் நுழைவார்கள். ஆளிடமிருந்து உதிரும் ஒரு துகள் போதும், சில்லு பாழ். ஸ்டார்க் தன் கவசத்தை நியூயார்க் தெருப் புழுதியில் நின்று விரிக்கிறார்.

அதற்காக எல்லாமே கதை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. மூலக்கூறு அளவில் இயந்திரம் வடிவமைத்ததற்காக 2016இல் மூவர் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்கள். அவர்களில் ஒருவரான பென் ஃபெரிங்காவின் குழு, நான்கு ‘சக்கரம்’ கொண்ட மூலக்கூறு ஒன்றைச் செம்புப் பரப்பின் மேல் ஓட்டிக் காட்டியது. கோவிட் எம்ஆர்என்ஏ தடுப்பூசியில் மருந்தைச் சுற்றியிருந்த கொழுப்புத் துகள்கள் சுமார் 100 நானோமீட்டர்தான். அதைப் போட்டுக்கொண்ட எல்லார் கையிலும் நானோ ஏறியிருக்கிறது.

தமிழில் என்ன சொல்வது? வேர்ப்பொருளை அப்படியே எடுத்தால் நம்மிடம் ‘குறள்’ இருக்கிறது. புறநானூற்றின் 28ஆம் பாட்டில் ‘கூனும் குறளும்’ என்று வரும் குறள் குள்ளரைக் குறிப்பதே. ஆனால் இன்று ‘குறள் தொழில்நுட்பம்’ என்று எழுதினால் வள்ளுவர் கணினி கற்றுத்தருகிறார் என்று நினைப்பார்கள். ‘நுண்’ நல்ல சொல், ஆனால் நுண்ணோக்கி, நுண்ணுயிர் என்று அது முன்பே மைக்ரோவுக்குப் போய்விட்டது. அதற்கும் கீழே ஒரு படி இறங்க ‘மீ’ சேர்த்து ‘மீநுண்’ என்கிறார்கள். மீயொலி, மீக்கடத்தி இவற்றில் வரும் அதே மீ. சூப்பர் ஹீரோவை ‘மீநாயகன்’ என்று எழுதுபவர்களும் உண்டு. அப்படியானால் மீநாயகனுக்கு மீநுண் கவசம், பொருத்தமாகவே அமைகிறது. மீநுண்துகள், மீநுண் தொழில்நுட்பம், மீநுண்பொறி எல்லாம் நாக்கில் இடறாமல் வருகின்றன.

அலகில் மட்டும் கை வைக்காமல் ‘நானோமீட்டர்’ என்றே எழுதலாம் என்பது என் கட்சி. நானோவுக்குக் கீழே பிக்கோ, அதற்கும் கீழே ஃபெம்டோ என்று வரிசை இறங்கிக்கொண்டே போகிறது. அங்கேயெல்லாம் ‘மீமீநுண்’ என்று அடுக்கிக்கொண்டு போக முடியாது. ஃபெம்டோ வந்ததே டேனிய மொழியில் பதினைந்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து. அதை மொழிபெயர்க்க வேண்டிய அவசியமும் இல்லை.