அலங்காரப் புல் நட நினைக்கும் டெல்டாக்காரர்களுக்கு

அமெரிக்காவின் நடுப்பகுதியில் பிரெய்ரி என்னும் பெரும் புல்வெளிகள் உண்டு. அங்கே வளரும் ஸ்விட்ச் கிராஸ், லிட்டில் புளூஸ்டெம், பிரெய்ரி டிராப்சீட் ஆகியவற்றின் படங்களை இணையத்தில் பார்த்துவிட்டு, அதே அழகு கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் வீட்டு முன்புறத்தில் வேண்டும் என்று கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். "நம்ம ஊர் வெயில் தாங்குமா?" என்பதுதான் முதல் கேள்வி. தாங்கும். கரும்பு, சோளம் போல இவையும் வெயிலில் கொழிக்கிற சாதி. சிக்கல் ஐப்பசியில் வரும். களிமண்ணில் தண்ணீர் நாள்கணக்கில் நின்றால் லிட்டில் புளூஸ்டெமும் டிராப்சீடும் தூரோடு அழுகிவிடும். ஸ்விட்ச் கிராஸ் மட்டும் ஓரளவு ஈரம் பொறுக்கும்.

இன்னொரு சங்கதியை விற்பவர்கள் சொல்வதில்லை. அந்தப் புற்களின் சொந்த ஊரில் கோடைப் பகல் 15 மணி நேரம் வரை நீளும். தஞ்சாவூரில் மிக நீண்ட பகலே சுமார் 12¾ மணிதான். ஸ்விட்ச் கிராஸ் பகல் குறைவதைப் பார்த்துக் கதிர் தள்ளும் புல் என்பதால், ஆள் உயரம் வளர வேண்டியது இங்கே குட்டையாக இருக்கும்போதே பூத்து ஓய்ந்துவிடும். உரம் போட்டு இதைச் சரிசெய்ய முடியாது.

வெளிநாட்டு இணையக் கடைகளில் விதைப் பொட்டலம் வாங்குவது பற்றியும் சொல்லிவிட வேண்டும். 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றும் இல்லாமல் விதையை வரவழைக்கக் கூடாது. முறைப்படி விதை கிடைத்தாலும் அப்படியே தூவினால் பெரும்பாலும் உறக்கம் கலையாமல் கிடக்கும், குளிர்காலம் ஒன்றைக் கடந்த பிறகு முளைத்துப் பழகியவை அவை. ஈர மணலில் கலந்து (கையில் பிழிந்தால் சொட்டக் கூடாது) ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் நான்கு வாரம் வைத்து, தை மாதத்தில் தட்டில் விதையுங்கள். ஃப்ரீசரில் வைக்க வேண்டாம். வளர்ந்ததைத் தொட்டியிலேயே வைத்துக்கொண்டு மழைக்காலத்தில் தாழ்வாரத்துக்கு நகர்த்துவதுதான் பிழைக்கும் வழி.

அவ்வளவு பாடு எதற்கு என்பவர்களுக்கு நம் மண்ணின் புற்களே போதும். முதலிடம் வெட்டிவேருக்கு. ஐந்து ஆறடி உயரம், நீரூற்றுப் போல வளையும் இலை, பக்கவாட்டில் ஓடாத தூர். தென்னிந்தியாவில் பயிராகும் வகைகளில் முளைக்கும் விதை பிடிக்காததால் பக்கத்து வயலுக்குத் தாவும் பயமில்லை. தண்ணீர் நின்றாலும் தாங்கும், சித்திரை வறட்சியையும் தாங்கும், நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்பையும் ஓரளவு தாங்கும். பூங்கதிர் அழகு வேண்டுவோருக்குக் கொழுக்கட்டைப்புல். பாட்டில் கழுவும் பிரஷ் போன்ற கதிர், இரண்டு மூன்றடி உயரம். இதற்குத் தண்ணீர் தேங்கவே கூடாது. புது விதை சரியாக முளைக்காது, ஆறு மாதமாவது வைத்திருந்து விதைக்க வேண்டும். கதிர் முற்றுமுன் வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் காற்றில் பரவிவிடும். எலுமிச்சம்புல் மூன்றாவது. அதற்கும் மேட்டுப் பாத்தி கட்டாயம்.

கொள்ளிடக் கரையில் வெள்ளை வெளேரென்று பூக்கும் நாணலைப் பார்த்து ஆசைப்படாதவர் குறைவு. கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சியாளர்கள் இதைக் கரும்போடு இணைத்துத்தான் 1918இல் கோ 205 ரகத்தைத் தந்தார்கள். அந்த வீரியத்தை வீட்டுக்குள் விடக் கூடாது. மண்ணுக்கடியில் தண்டு ஓட்டி, நடைபாதைக் கல்லையும் தாண்டி முளைக்கும். தர்ப்பையும் அப்படியே, தொட்டியைத் தாண்ட விடாதீர்கள். நர்சரிகளில் கிடைக்கும் ஃபவுண்டன் கிராஸில் பச்சை வகையைத் தவிர்க்கவும். ஹவாய் தீவுகளில் அது பெரும் களையாகிப்போனது. செம்பழுப்பு இலை வகை பெரும்பாலும் விதை பிடிக்காது என்பதால் பரவாயில்லை.

இனி மண். ஒரு அடி ஆழ, அகல, நீளக் குழி எடுத்துத் தண்ணீர் நிரப்புங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்பி அளவெடுங்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு அங்குலம்கூட இறங்கவில்லை என்றால் மேடு கட்டாமல் வெட்டிவேர் தவிர எதையும் நடாதீர்கள். மேடு ஒன்றரை அடி உயரமும் மூன்றடி அகலமும் இருக்கட்டும், ஓரம் வரப்புப் போலச் சரிந்து இறங்க வேண்டும். களிமண்ணில் இரண்டு சட்டி மணலைக் கலந்துவிட்டு வடிகால் ஆகிவிட்டது என்று நினைப்பது நாம் அடிக்கடி பார்க்கும் தவறு. கொஞ்சமாக மணல் சேர்ந்த களி, காய்ந்ததும் செங்கல்லாக இறுகும். பாதிக்கு மேல் மணல் போட முடியாவிட்டால் மணலை விட்டுவிடுங்கள். மண் மூன்று பங்குக்கு, அரிசி ஆலையில் கிடைக்கும் கருக்கிய உமி ஒரு பங்கு, மக்கிய குப்பை அரைப் பங்கு போதும்.

நடவு ஆடி, ஆவணியில் முடிய வேண்டும். அப்போதுதான் ஐப்பசிக்குள் வேர் இறங்கியிருக்கும். ஐப்பசியிலேயே நட்ட தூர் பெரும்பாலும் அழுகும். இரண்டு மூன்று தண்டுள்ள தூராகப் பிரித்து, இலையை ஒரு சாணுக்கும் வேரை நான்கு விரற்கடைக்கும் நறுக்கி, இரண்டரை அடி இடைவெளியில் நடவும். தண்டின் வெளுத்த அடிப்பகுதி மண்ணில் மறைந்தால் போதும், குருத்து புதையக் கூடாது. முதல் மூன்று வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர். அப்புறம் வாரத்துக்கு ஒரு குடம். போர் தண்ணீர் ஊற்றும் இடத்தில் மண்மேல் வெள்ளைப் பூப்பு தெரிந்தால், ஜிப்சம் போடுமுன் மண் பரிசோதனை செய்துவிடுங்கள். உப்பு மண்ணுக்கும் களர் மண்ணுக்கும் மருந்து வேறு வேறு.

யூரியா வேண்டவே வேண்டாம். தழைச்சத்து கூடினால் சம்பா பயிர் சாய்வது போலத்தான் இதுவும் சாயும். அப்புறம் கயிறு கட்டித்தான் நிறுத்த வேண்டும். தூர் பிரிந்து நடுவில் வழுக்கை விழுந்தால், நிழல் அதிகமா, உரம் அதிகமா என்று பாருங்கள். குறைந்தது ஆறு மணி நேர நேர்வெயில் தேவை.

வெட்டும் காலம் இங்கே எலியை ஒட்டியது. தை அறுவடை முடிந்ததும் வயல் எலிகள் வீட்டுப் பக்கம் ஒதுங்கும். காய்ந்த தூர் அவற்றுக்கு அருமையான கூடு, எலியைத் தேடி நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் வரும். அதனால் பொங்கல் கழிந்ததும் தரையிலிருந்து ஒரு அடிக்குள் வெட்டிவிடுங்கள், ஒரு முறை நன்றாகத் தண்ணீர் பாய்ச்சினால் துளிர்த்துவிடும். வாசல், ஜன்னல், குழந்தைகள் விளையாடும் இடம் ஆகியவற்றிலிருந்து பத்தடி தள்ளியே நடவும். கையை விடுமுன் கம்பால் தூரைத் தட்டுங்கள். முழுக்கை சட்டை, தடித்த கையுறை, பூட்ஸ் இல்லாமல் இறங்காதீர்கள். வெட்டிவேர் இலையின் ஓரம் அரம் போன்றது, வியர்த்த முழங்கையில் கீறினால் நாள் முழுக்க எரியும். அமெரிக்காவில் பிரெய்ரிக்குத் தீ வைத்துப் புதுப்பிப்பார்கள் என்று படித்துவிட்டுத் தீக்குச்சியை எடுக்க வேண்டாம், கீற்றுக் கொட்டகையும் வைக்கோல் போரும் உள்ள ஊர் இது.

மூன்று நான்கு ஆண்டில் நடுத்தூர் செத்து வளையமாக நிற்கும். ஆடியில் கடப்பாரையால் நெம்பி எடுத்து, வெளிவளையத்தைப் பிரித்து நட்டு, நடுக்கட்டையைக் குப்பைக் குழியில் போட்டுவிடலாம்.