கேபிளைக் கம்ப்யூட்டரில் செருகினால்…

2005 வாக்கில் எங்கள் ஊரில் கம்ப்யூட்டரில் டிவி பார்ப்பது பெரிய வித்தையில்லை. சென்னை ரிச்சி தெருவிலிருந்து ஒரு டிவி டியூனர் கார்டு வாங்கிவந்து, கேபினட்டைத் திறந்து செருகி, கேபிள்காரர் இழுத்துவிட்ட கறுப்பு ஒயரை அதன் முதுகில் மாட்டினால் முடிந்தது. டப்பா மானிட்டரின் ஒரு மூலையில் கிரிக்கெட்டை ஓடவிட்டு, மிச்ச இடத்தில் கல்லூரி அசைன்மென்ட் அடித்தவர்கள் நிறையப் பேர்.

இன்றைக்கும் வீட்டுக்குள் வருவது கிட்டத்தட்ட அதே கறுப்பு ஒயர்தான். சில மாதங்களுக்கு முன் நண்பர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து யூஎஸ்பியில் செருகும் டிவிபி-சி டியூனர் ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். டிஜிட்டல் கேபிளைப் பிடிப்பதற்கென்றே செய்த குச்சி. செட்டாப் பாக்ஸுக்குப் போகும் ஒயரில் ஒரு ஸ்ப்ளிட்டர் போட்டு, ஒரு கிளையை லேப்டாப் பக்கம் திருப்பி, லினக்ஸில் ஸ்கேன் ஓட்டினேன். சேனல் பெயர்கள் மளமளவென்று இறங்கின. ஒன்றைச் சொடுக்கினேன். கறுப்புத் திரை. இன்னொன்று. அதுவும் கறுப்பு. பெயர் தெரிகிறது, படம் தெரியவில்லை.

பழைய அனலாக் காலத்தில் ஒரு சேனலுக்கு ஒரு அலைவரிசை. அந்த இடத்தில் அந்தச் சேனலின் படமே மின்னலையாக ஓடும். சிக்னல் குறைந்தால் திரையில் புள்ளி புள்ளியாக வரும், ஆனாலும் கதை புரியும். டிஜிட்டலில் கிட்டத்தட்ட அதே அளவு இடத்தில், 8 மெகாஹெர்ட்ஸில், ஓடுவது வெறும் எண்கள். அவற்றை அலையில் ஏற்றும் முறைக்கு க்வாம் என்று பெயர். எட்டுக்கு எட்டு புள்ளிக் கோலம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 64 புள்ளி. அலையின் உயரத்தையும், அது முன்னே பின்னே நகர்ந்து நிற்கும் நிலையையும் சேர்த்து மாற்றினால், ஒவ்வொரு கணமும் இந்த 64-இல் ஏதாவது ஒரு புள்ளியைத் தொட்டுக்காட்டலாம். 64 புள்ளியில் ஒன்று என்றால் ஆறு பிட், அதாவது 0 அல்லது 1 என்ற ஆறு இலக்கம் (இரண்டை ஆறு முறை பெருக்கினால் 64). நம் ஊரில் பரவலாக உள்ள அமைப்பில் வினாடிக்கு 68,75,000 முறை இப்படித் தொட்டுப் போகிறது. ஆறால் பெருக்கினால் 41.25 மெகாபிட்.

அதில் கொஞ்சம் பிழைதிருத்தத்துக்குப் போய்விடும். ஒவ்வொரு 188 பைட்டுக்கும் 16 பைட் கூடுதலாகச் சேர்த்து 204 ஆக அனுப்புகிறார்கள். வழியில் எட்டு பைட் வரை கெட்டுப்போனாலும் அந்த 16-ஐ வைத்துக் கணக்குப்போட்டுச் சரியான மதிப்பை மீட்டுவிடலாம். அதனால்தான் டிஜிட்டலில் 'கொஞ்சம் சுமாரான படம்' என்பதே அநேகமாகக் கிடையாது. எட்டு வரை பளிங்கு. ஒன்பதாவது பைட் கெட்டால் படம் கட்டம் கட்டமாக உடையும். இந்தச் செலவு போக மிஞ்சுவது வினாடிக்குச் சுமார் 38 மெகாபிட். பழைய காலத்து ஒரே ஒரு சேனலின் இடத்தில் இன்று சாதாரணச் சேனல் பத்துக்கு மேலும், எச்டி என்றால் நாலைந்தும் உட்காருவது இப்படித்தான்.

அப்புறம், கறுப்புத் திரை. படம் வராவிட்டாலும் வந்ததையெல்லாம் அப்படியே ஒரு கோப்பில் பிடித்துவைக்கலாம். ஒரு நிமிடம் பிடித்தேன், 285 எம்பி. அதை ஹெக்ஸ் வியூவரில் (ஒவ்வொரு பைட்டையும் 0 முதல் 9, ஏ முதல் எஃப் வரையுள்ள குறிகளில் இரண்டிரண்டாகக் காட்டும் மென்பொருள்) திறந்தால் முதலில் கண்ணில் படுவது 47 என்ற எண். பக்கத்து எழுத்து வரிசையில் அதுவே ஆங்கில 'ஜி'. சரியாக 188 பைட்டுக்கு ஒரு 47. ஒரு வரிக்கு 16 பைட் என்று காட்டுவதால், அந்த ஜி-க்கள் பக்கம் முழுக்கச் சாய்வாக இறங்கிக்கொண்டே போகின்றன. ஒவ்வொரு 47-உம் ஒரு பொட்டலத்தின் தொடக்கம்.

47-ஐ அடுத்த இரண்டு பைட்டில் அந்தப் பொட்டலம் எதைச் சேர்ந்தது என்று காட்டும் எண் இருக்கிறது. எண் 0 என்றால் அது முகவரிப் பட்டியல்: இந்த ஓட்டத்தில் என்னென்ன சேனல், எதற்கு எந்த எண்ணுள்ள பொட்டலங்களைப் பார்க்க வேண்டும் என்ற குறிப்பு. அதைப் பின்பற்றிப் போனால் இந்தச் சேனலின் படம் இந்த எண்ணில், ஒலி அந்த எண்ணில் என்று கிடைத்துவிடும். இந்தப் பட்டியல்களும் சேனல் பெயர்களும் திறந்தே வருகின்றன. ஸ்கேனில் பெயர் இறங்கியதன் காரணம் அதுதான்.

நாலாவது பைட்டில்தான் சங்கதியே இருக்கிறது. பட்டியல் பொட்டலங்களில் அது பெரும்பாலும் 1-இல் தொடங்குகிறது. பூட்டு இல்லை என்று பொருள். படப் பொட்டலங்களில் 9 என்று தொடங்குகிறது. கொஞ்ச நேரம் 9, 9, 9. பிறகு திடீரென்று எல்லாம் 'டி'. மறுபடி 9. இரண்டுமே 'பூட்டியிருக்கிறது' என்பதன் குறி. இரண்டு சாவிகள் மாறி மாறிப் பயன்படுகின்றன. ஒன்று வேலையில் இருக்கும்போதே அடுத்தது தயாராகிவிடும். வழக்கமாகப் பத்து வினாடிக்கு ஒருமுறை சாவி மாறும்.

பூட்டின் அமைப்பு ஒன்றும் ரகசியமில்லை. 2000-களின் தொடக்கத்திலேயே அது வெளியே வந்துவிட்டது. சாவி கையில் இருந்தால் என் பழைய லேப்டாப்பே அலட்டிக்கொள்ளாமல் திறந்துவிடும். அந்தச் சாவியும் அதே ஒயரில்தான் வருகிறது, ஆனால் அதுவும் ஒரு பெட்டிக்குள் பூட்டப்பட்டு. அந்தப் பெட்டியைத் திறக்கும் ரகசியம் செட்டாப் பாக்ஸின் ஸ்மார்ட் கார்டிலோ, கார்டு இல்லாத பாக்ஸில் சிப்புக்குள்ளேயோ இருக்கிறது. வெளியே எடுக்க முடியாதபடிதான் அதைச் செய்திருக்கிறார்கள். டியூனர் வாங்கலாம், மென்பொருள் இலவசமாகவே கிடைக்கும். எனக்கு இல்லாதது அந்த ஒரு சாவி மட்டும்.

மாதக் காசு கட்டியதும் கேபிள்காரர் போனில் சொல்வாரே, "பாக்ஸை ஆன்லயே வைங்க சார், கொஞ்ச நேரத்துல வந்துரும்" என்று? அதன் பின்னணியும் இதுதான். ஒயர் பெரும்பாலும் ஒருவழிப் பாதை. 'இந்த எண்ணுள்ள கார்டுக்கு இந்தச் சேனல்களைத் திறந்துவிடு' என்ற கட்டளை, ஊரிலுள்ள எல்லா வீட்டுக்கும் போகும் பொட்டலங்களோடு கலந்தே வருகிறது. உங்கள் பாக்ஸ் மட்டும் தன் எண்ணைப் பார்த்து எடுத்துக்கொள்ளும். அணைத்து வைத்திருந்தால் தவறவிட்டுவிடும். கட்டளை எத்தனை தடவை சுற்றி வந்தாலும், பாக்ஸ் விழித்திருந்தால்தானே வாங்கிக்கொள்ளும்.

காசு கட்ட வேண்டாத சேனலாவது திறந்து வரக்கூடாதா என்று தோன்றும். வராது. 2011-இல் கேபிள் டிவி சட்டத்தில் கொண்டுவந்த திருத்தப்படி, கேபிளில் போகும் எந்தச் சேனலையும் பூட்டித்தான் அனுப்ப வேண்டும். சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் 2012-இல் தொடங்கிய ஏற்பாடு அது. ஆகவே பொதிகையாக இருந்து 2024-இல் டிடி தமிழ் ஆன சேனலுக்கும் கேபிளில் பூட்டு உண்டு. அதே சேனல் தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் வழியாக வானத்திலிருந்து பூட்டில்லாமல் இறங்குகிறது. செயற்கைக்கோள் டியூனர் கார்டு ஒன்று இருந்தால் கம்ப்யூட்டரிலேயே நேராகப் பார்க்கலாம். எனக்கு இதில் நியாயம் பிடிபடவில்லை. ஜெர்மனியில் 2013-லிருந்து பெரிய கேபிள் நிறுவனங்கள் சாதாரணத் தரத் தனியார் சேனல்களின் பூட்டை எடுத்துவிட்டன. அங்கே என்னுடைய இதே குச்சி ஒழுங்காக வேலை செய்யும்.

சரி, கேபிளைக் கம்ப்யூட்டரில் பார்த்தே ஆக வேண்டுமென்றால்? பாக்ஸே பூட்டைத் திறக்கட்டும், அது வெளியே தரும் படத்தை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். எச்டிஎம்ஐ வழியில் போனால் எச்டிசிபி என்று இன்னொரு பூட்டு நிற்கும். படத்தைக் கம்ப்யூட்டருக்குள் வாங்கும் முறையான கேப்சர் கருவி அதைப் பார்த்ததும் வெறும் திரை காட்டும். மிச்சம் இருப்பது பாக்ஸின் பின்னாலுள்ள மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஓட்டைகள். அதிலிருந்து ஒரு மலிவான யூஎஸ்பி கேப்சர் ஒயர். எண்ணாக வந்த படம் அலையாக மாறி, மறுபடி எண்ணாக மாறி லேப்டாப்புக்குள் போகிறது. 720-க்கு 576 புள்ளிதான். ஆள் ஓடினால் ஓரமெல்லாம் சீப்புப் பல்லாகத் தெரியும். விஎல்சியில் டீஇன்டர்லேஸ் போட்டால் அடங்கும். ரிமோட்டை மட்டும் பாக்ஸை நோக்கித்தான் காட்ட வேண்டும், பழக்கதோஷத்தில் நான் லேப்டாப்பை நோக்கி அமுக்கிக்கொண்டிருந்தேன்.

இப்படிப் பிடித்த படத்தில் ஒருநாள், சீரியல் நடுவே திரையின் ஓரத்தில் நீளமான ஒரு எண் சில வினாடி மிதந்து மறைந்தது. டிவியில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். யாராவது படத்தைப் பிடித்து வேறெங்காவது ஒளிபரப்பினால் எந்த வீட்டிலிருந்து போனது என்று கண்டுபிடிக்க வைத்த அடையாளம் அது. பாக்ஸின் அடியில் ஒட்டியிருந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். என்னுடையதுதான்.