டோகார்பமைன்: பெயரும் பொருளும் தமிழும்

டோகார்பமைன் என்பது வாய்வழி உட்கொண்டபின் உடலுக்குள் டோபமைனாக, அதாவது இதயத் துடிப்பை வலுவாக்கும் மருந்தாகவும் பயன்படும் ஓர் உடல் வேதிப்பொருளாக, மாறும் மருந்து. ஜப்பானின் தனாபே மருந்து நிறுவனம் உருவாக்கிய இதை, இதயச் செயலிழப்பு உள்ளவர்களைச் சிரைவழி டோபமைனிலிருந்து மெல்ல விடுவிக்கவும், சிறுநீரகக் குருதியோட்டத்தையும் உப்பு வெளியேற்றத்தையும் ஆராயவும் பயன்படுத்தியுள்ளனர்.

டோபமைனை 1910இல் லண்டனில் வேதியியலாளர்கள் பார்ஜரும் யூவென்ஸும் செயற்கையாக ஆக்கினர். 1952இல் உடலியங்கியலாளர் ஹென்றி டேல் அதற்கு இப்பெயரைப் பரிந்துரைத்தார். அதிலுள்ள 'டோப்பா', டையாக்சி ஃபீனைல் அலனின் என்னும் நீண்ட வேதிப்பெயரின் சுருக்கம்; 'அமைன்' நைட்ரஜன் தொகுதியைக் குறிக்கும். இந்தப் பெயரை இரண்டாகப் பிளந்து நடுவே 'கார்' என்னும் அசையைச் செருகினால் டோகார்பமைன் கிடைக்கிறது. அந்த அசை, கார்பனும் ஆக்சிஜனும் இணைந்த கார்பொனைல் தொகுதியைச் சுட்டுவதாகவே கொள்ளத் தோன்றுகிறது. ஏனெனில் டோபமைனின்மேல் கார்பொனைல் கொண்ட தொகுதிகளைச் சேர்த்ததே இம்மூலக்கூறு.

டோபமைனை அப்படியே விழுங்கினால் குடற்சுவரிலும் கல்லீரலிலும் உள்ள நொதிகள் அதைச் சிதைத்துவிடும். அதனால்தான் அதை உடல் எடையில் கிலோவுக்கு நிமிடத்திற்கு இத்தனை மைக்ரோகிராம் என்று கணக்கிட்டுச் சொட்டுசொட்டாகச் சிரையில் ஏற்றுகிறார்கள். டோகார்பமைனிலோ டோபமைனின் இரண்டு ஹைட்ராக்சில் (ஆக்சிஜன்-ஹைட்ரஜன்) முனைகளை எத்தாக்சிகார்பொனைல் தொகுதிகளும், அமைன் முனையை மெத்தியோனைன் என்னும் அமினோ அமிலத்தின் அசெட்டைல் வடிவமும் மூடியிருக்கின்றன. ஹைட்ராக்சில் முனைகளின் மூடிகள் பெரும்பாலும் குடலிலேயே கழன்றுவிட, எஞ்சியது கல்லீரலில் நீங்கி டோபமைன் வெளிப்படுகிறது. சிரைவழி ஏற்றும் டோபமைனுக்கு மைக்ரோகிராம் கணக்கு என்றால், இதற்கு வேளைக்கு 750 மில்லிகிராம் வரை கொடுத்திருக்கிறார்கள்.

உடலுக்குள் சென்றபின் செயல்படும் மருந்தாக மாறும் இத்தகைய மருந்துகளுக்குப் 'புரோடிரக்' என்னும் சொல்லை 1958இல் ஆக்கியவர் ஏட்ரியன் ஆல்பர்ட். 'புரோ'வைவிட, முந்தையது என்று பொருள்படும் 'பிரீ' பொருத்தமாக இருந்திருக்கும் என்று அவரே பின்னர் வருந்தியதாகச் சொல்வர். அவர் தவறவிட்டது தமிழின் 'முன்' என்னும் அடையில் இயல்பாகவே வந்துவிடுகிறது. இருப்பினும் 'முன்மருந்து' என்று மட்டும் எழுதினால், அறுவைக்கு முன் தரும் மருந்தோ என்ற ஐயம் எழும். 'முன்னோடி மருந்து' என்பது முதலில் வந்த மருந்து என்றே பொருள்படும். மாறுவது வடிவம் ஆதலால் 'முன்வடிவ மருந்து' என்பதே என் தேர்வு. டோகார்பமைன் என்னும் தனிப்பெயரை மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

இச்சொல்லை ஆளும்போது எதன் முன்வடிவம் என்பதையும் பார்க்கவேண்டும். வாய்வழி தரும் இன்னொரு மருந்தான இபோபமைனையும் டோபமைனின் முன்வடிவமாகச் சிலர் எழுதுகின்றனர்; அதிலிருந்து வெளிப்படுவதோ டோபமைனுடன் ஒரு மெத்தில் தொகுதி கூடிய எபினைன் ஆதலால், அதை 'எபினைனின் முன்வடிவ மருந்து' என்பதே பிழையற்றது.