குட்டி விமானத்தின் இறக்கை ஏன் தடிமனாகத் தெரிகிறது?

இரண்டாம் உலகப்போரில் பறந்த ஸ்பிட்ஃபயர் விமானத்தின் இறக்கை நுனிக்கு நுனி 11.23 மீட்டர். அதை 72-ஆல் வகுத்தால் 15.6 சென்டிமீட்டர். விமான மாடல் செய்யும் நாங்கள் இதைத்தான் 1/72 அளவு என்கிறோம். அடி, அங்குலக் கணக்கில் பிறந்த எண் இது. ஆறடிக்கு 72 அங்குலம் என்பதால், ஆறடி உயர விமானி மாடலில் சரியாக ஓர் அங்குலம் நிற்பார். 1/48-ல் ஓர் அடி கால் அங்குலமாகிறது.

1930-களில் பிரிட்டனில் வந்த ஸ்கைபேர்ட்ஸ் மரக் கிட்டுகள், அதாவது பாகங்களை நாமே ஒட்டிச் சேர்க்கும் மாடல் பெட்டிகள், 1/72 அளவில்தான் இருந்தன. போர்க்காலத்தில் அமெரிக்கா தன் பள்ளி மாணவர்களை இதே அளவில் மர மாடல்கள் செய்து தரச் சொன்னது. வானில் தெரிவது எதிரியா நம்மாளா என்று வீரர்களுக்குப் பழக்குவதற்காக. 35 அடி தள்ளி நின்று அந்த மாடலைப் பார்த்தால், நிஜ விமானம் ஏறக்குறைய அரை மைலுக்கு அப்பால் தெரிவது போலவே இருக்கும்.

நீளத்தைச் சுருக்குவது சுலபம். தடிமனில்தான் சிக்கல். நிஜ விமானத்தின் அலுமினியத் தோல் 1 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 72-ஆல் வகுத்தால் 0.014 மில்லிமீட்டர், அதாவது தலைமுடியைவிட மெல்லியது. அச்சில் வார்க்கும் பிளாஸ்டிக்கை அவ்வளவு மெலிதாக்க வழியில்லை. இறக்கையின் பின் விளிம்பு கத்தி முனை போல இருக்க வேண்டும். கிட்டில் அது அரை மில்லிமீட்டர் இருந்தாலே, நிஜத்தில் 3.6 சென்டிமீட்டர் கனத்த பலகைக்குச் சமம். அதனால்தான் அனுபவசாலிகள் ஒட்டும் முன்பே அதை உள்பக்கமாகத் தேய்த்துத் தேய்த்து மெலிய வைக்கிறார்கள். 1/32-க்குப் போனால் அதே அரை மில்லிமீட்டர் 1.6 சென்டிமீட்டர்தான். ஆனால் ஸ்பிட்ஃபயர் 35 சென்டிமீட்டராகி அலமாரியில் இடம் கேட்கும். போயிங் 747-400 போன்ற பெரிய விமானங்களை 1/144-ல் செய்வதும் இடத்துக்காகத்தான். அதிலேயே இறக்கை 45 சென்டிமீட்டர் வந்துவிடுகிறது.

பொருளைத் தேர்ந்தெடுப்பதும் இந்தத் தடிமனோடு நடக்கும் போராட்டம்தான். 1936-ல் வந்த ஃப்ராக் பென்குயின் கிட்டுகள் செல்லுலோஸ் அசிட்டேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. வருடங்கள் போகப் போக அவை வளைந்து நெளிந்துவிடும். போருக்குப் பிறகு பாலிஸ்டைரின் என்ற பிளாஸ்டிக் வந்தது. 1953-ல் ஏர்ஃபிக்ஸ் வெளியிட்ட ஸ்பிட்ஃபயர் அதில் வார்த்ததுதான். பாலிஸ்டைரின் உருகியதும் அச்சின் நுணுக்கமான மூலைகளுக்குள் ஓடிப் பாய்கிறது, ஆறும்போது மிகக் குறைவாகவே சுருங்குகிறது. இதற்கான பசையும் வெறும் பசை இல்லை. அது ஒரு கரைப்பான். இரண்டு பக்கத்தையும் லேசாகக் கரைக்கிறது, இருபக்க மூலக்கூறுச் சங்கிலிகளும் பின்னிக்கொள்கின்றன, கரைப்பான் ஆவியானதும் மிஞ்சுவது ஒரே துண்டு.

அதற்கும் கீழே மெலிய வேண்டுமென்றால் பித்தளைத் தகடு. அமிலத்தில் அரித்து எடுக்கும் 0.1 மில்லிமீட்டர் தகட்டில் விமானியின் இருக்கைப் பட்டை நம்பும்படி அமையும். ஆனால் அது தட்டை. உருண்ட பாகங்களுக்கு ரெசின், அதாவது திரவமாக ஊற்றி இறுகவைக்கும் பிளாஸ்டிக்தான் சரி. பாலிஸ்டைரின் வார்க்கும் இரும்பு அச்சு நேராகத்தான் திறக்கும். ரெசினை ஊற்றும் சிலிக்கோன் ரப்பர் அச்சு வளைந்து கொடுக்கும் என்பதால் உள்வளைவுகளும் உடையாமல் வெளியே வந்துவிடும்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது காசே செலவில்லாத ஒரு வேலை. பாகங்களைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் குச்சியில் ஒரு துண்டு நறுக்கி, மெழுகுவத்திச் சுடருக்குச் சற்று மேலே உருட்டிக்கொண்டே காட்டுங்கள். பளபளத்துத் துவளும்போது வெளியே எடுத்து, ஒரு நொடி பொறுத்து, இரு கையாலும் இழுங்கள். முடி போல ஓர் இழை வரும். அதுதான் ரேடியோ ஆண்டெனா கம்பி. விமானத்தின் முதுகில் நிற்கும் ஆண்டெனா கம்பத்திலிருந்து வால்வரை ஒட்டினால் முதலில் தொய்வாகத்தான் நிற்கும். அப்புறம் கனன்றுகொண்டிருக்கும் ஊதுபத்தியைத் தொடாமல் பக்கத்தில் கொண்டுபோங்கள். இழுத்தபோது நீண்டு நின்றுவிட்ட மூலக்கூறுச் சங்கிலிகள் சூடு பட்டதும் மறுபடி சுருளப் பார்க்கும். கண்ணெதிரே இழை விறைத்து நேராகும்.