"புகார் ஏதும் உண்டா?"

கைது செய்யப்பட்டவரை ரிமாண்டுக்காக, அதாவது காவலில் வைக்க உத்தரவு கேட்டு, முதல்முறை நிறுத்தும்போது, போலீஸார் துன்புறுத்தினார்களா என்பதை அறிய நீதித்துறை நடுவர் கேட்கும் கேள்வி இது. பெரும்பாலும் "இல்லை ஐயா" என்றே பதில் வரும். உத்தரவில் 'புகார் ஏதும் இல்லை என்றார்' என்று ஒரு வரி ஏறிவிடும். சட்ட உதவி வழக்கறிஞராக அந்த வேளையில் பலமுறை அருகில் நின்றிருக்கிறேன். அழைத்து வந்த காவலர்களும் கைக்கெட்டும் தூரத்திலேயே நிற்பார்கள்.

திருட்டு வழக்கில் வந்த ஓர் இளைஞரும் அப்படித்தான் "இல்லை ஐயா" என்றார். ஆனால் படியேறும்போது அவர் பாதத்தின் ஓரத்தை மட்டும் ஊன்றி நடந்ததைப் பார்த்திருந்தேன். நடுவரிடம் அனுமதி பெற்று, வராந்தாவின் மூலைக்கு அழைத்துச் சென்று, அடித்தார்களா என்று கேட்டேன். பதில் இல்லை. "சொன்னால் மறுபடியும் அவர்களிடமே அனுப்பிவிடுவார்களா சார்?" என்று மட்டும் கேட்டார். அனுப்பமாட்டார்கள் என்று என்னால் உறுதி சொல்ல முடியவில்லை.

அவருடைய அச்சத்துக்குச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. முன்பு ஒருவரை அதிகபட்சம் 15 நாட்கள் போலீஸ் காவலில், அதாவது சிறைக்கு அனுப்பாமல் போலீஸாரின் விசாரணைப் பிடியில், வைக்கலாம்; அதுவும் ரிமாண்டின் முதல் 15 நாட்களுக்குள் முடிந்துவிட வேண்டும் என்று 1992இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்திருந்தது. சிறைக்குள் பதினாறாம் நாளைக் கடந்தவர், அந்த வழக்கில் இனிக் காவல் நிலையத்துக்குத் திரும்ப வேண்டியதில்லை என்று மூச்சுவிடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 187ஆம் பிரிவு அந்த நிம்மதியைப் பறித்துவிட்டது. மொத்தம் 15 நாட்கள் என்பது மாறவில்லை. ஆனால் அதைத் துண்டு துண்டாக, வழக்கின் தன்மையைப் பொறுத்து முதல் 40 அல்லது 60 நாட்களுக்குள் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். அடிபட்டவர் வாய் திறக்க அஞ்சும் காலத்தைச் சட்டமே நீட்டிவைத்திருக்கிறது. இதைச் சீர்திருத்தம் என்று என்னால் ஏற்க முடியாது. ஆனால், முதல் 15 நாட்களுக்குப் பிறகும் போலீஸ் காவல் தேவைப்படலாம் என்பதை மட்டும் காரணம் காட்டி ஜாமீன் மறுக்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 480ஆம் பிரிவு சொல்கிறது. ஜாமீன் மனுவில் இந்த வரியை எடுத்துக்காட்ட இளம் வழக்கறிஞர்கள் மறக்க வேண்டாம்.

நல்ல மாற்றங்களும் உண்டு. மூன்றாண்டுக்கும் குறைவான தண்டனைக்குரிய குற்றத்தில், உடல்நலம் குன்றியவரையோ 60 வயதைக் கடந்தவரையோ கைது செய்ய, டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரியின் முன் அனுமதி வேண்டும்.

அதைவிடப் பெரிய மாற்றம் உச்ச நீதிமன்றத்திலிருந்து வந்தது. கைதுக்கான காரணங்களை, கைதானவருக்குப் புரியும் மொழியில், எழுத்தில் கொடுக்க வேண்டும். உடனடியாக இயலாத சூழலில்கூட, நடுவர் முன் நிறுத்துவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாவது அது கையில் இருக்க வேண்டும் என்று 2025 நவம்பரில் தீர்ப்பானது. கொடுக்கவில்லையென்றால் கைதும் ரிமாண்டும் சட்டவிரோதம். சட்டப் பிரிவுகளை வரிசையாக எழுதிய தாளைக் காட்டி 'காரணம் கொடுத்துவிட்டோம்' என்பார்கள். பிரிவு எண் எப்படிக் காரணமாகும்? இவர் என்ன செய்தார் என்பதற்காகப் பிடித்தீர்கள் என்பதல்லவா காரணம்!

1996இல் டி.கே. பாசு வழக்கில் வகுக்கப்பட்ட நெறிமுறைகளும் இன்றும் உயிரோடு இருக்கின்றன. கைதுக் குறிப்பாணையில் சாட்சியின் கையொப்பம் வேண்டும், உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும், காவலில் இருப்பவரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். ஆனாலும் 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கைதாகிக் காவல் நிலையத்தில் தாக்கப்பட்ட ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் ரிமாண்டு செய்யப்பட்டு, கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்ட பிறகே இறந்தார்கள். மருத்துவர், நடுவர், சிறை என்று மூன்று வாசல்களைக் கடந்தும் அவர்களுடைய காயங்கள் எங்கும் தடுத்து நிறுத்தப்படவில்லை. அதை நினைக்காமல் ஒரு ரிமாண்டுக்குக்கூட என்னால் போக முடிவதில்லை.

குடும்பத்தினருக்கு ஒன்று சொல்ல வேண்டும். காவல் நிலைய வாசலில் இரவெல்லாம் காத்துக் கிடப்பதை விட, வீட்டிலிருந்து எத்தனை மணிக்கு அழைத்துச் சென்றார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்ற கணக்கை, ஆவணத்தில் தாமதமாகக் காட்டப்படும் கைது நேரம் விழுங்கிவிடும். ஒரு நாளைக்கு முன்பே அழைத்துப் போனார்கள் என்று வாய்மொழியாகச் சொல்வதற்கும், அன்றே உயர் அதிகாரிக்கு அனுப்பிய தந்தியின் நகலை நீட்டுவதற்கும் இருந்த வித்தியாசத்தை மூத்த வழக்கறிஞர்கள் சொல்வார்கள். தந்தி போய்விட்டது, ஒரு மின்னஞ்சல் அதே வேலையைச் செய்யும். மருத்துவப் பரிசோதனை அறிக்கையின் நகலைப் பெறக் கைதானவருக்கு உரிமை உண்டு, கேளுங்கள். காவல் நிலையக் கேமராப் பதிவுகளை 18 மாதங்கள் வைத்திருக்க வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கேட்டு மனுப் போடுவதைத் தள்ளிப்போடாதீர்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையா? 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணையத்தை அழையுங்கள். காவலில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு என்றாலும் இலவச சட்ட உதவி உண்டு.

அந்த இளைஞரை வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை. "நீங்கள் சொல்ல வேண்டாம், நான் பார்த்ததை நான் சொல்கிறேன்" என்றேன். தலையசைத்தார். உள்ளே போய், அவர் நடந்து வந்த விதத்தை நடுவரிடம் சொன்னேன். நடுவர் காவலர்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றச் சொன்னார். இரண்டு பாதங்களிலும் இருந்த வீக்கத்தையும் கன்றிய நிறத்தையும் உத்தரவிலேயே எழுதி, அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார். எட்டாம் நாள் போலீஸ் காவல் கேட்டு மனு வந்தது. நடுவர் உத்தரவில் எழுதியிருந்த அந்த நான்கு வரிகளைப் படித்துக்காட்டித்தான் எதிர்த்தேன். மனு தள்ளுபடியானது.